நாகப்பன் வீட்டுத் தலைக்கட்டு

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ராபர்ட்டுக்கு டீ வாங்கிக் கொடுத்த ஆள் அவனை ஒருதரம்கூட மிரட்டவில்லை. அதுதான் ராபர்ட்டுக்குப் பயமாக இருந்தது. மிரட்டுகிற போலீசு அவனுக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம். குனிந்து நின்றால் ரெண்டு வசவோடு விட்டுவிடும். இந்த உளவுப் போலீசு வரதன் சார் அந்த ரகமில்லை. சீருடை கிடையாது, கட்டம் போட்ட சட்டைதான். சர்க்கரை போதுமா என்று கேட்டார். வினோதினிக்கு முதுகுவலி தேவலையா என்று கேட்டார். பெண்டாட்டியின் முதுகுவலி இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது?

"நாளைக்கு எங்க இருப்பீங்க ராபர்ட்?"

"வேலைக்குப் போவேன் சார்."

"நாளைக்கு யாரும் தண்ணியில எறங்கக் கூடாதுன்னு உங்க குப்பத்துல கட்டு போட்டிருக்காங்களே. அப்புறம் இன்னா வேலை?"

ராபர்ட் கண்ணாடி கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரங்க அவங்களுக்குள்ள ஆயிரம் சண்டை போடுவாங்க. தங்க வந்தவங்க நடுவுல பூந்து பேசுனா நல்லாவா இருக்கும்? அரிசி போடுறோம், உதவித்தொகை போடுறோம். போடுறோமா இல்லையா?"

"போடுறீங்க சார்."

"அவ்ளோதாங்க நான் சொல்றது."

வரதன் சார் எழுந்து காசைக் கொடுத்தார். போகிற போக்கில் ராபர்ட்டின் தோளில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆளிடம் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்?

ராபர்ட் இலங்கையில், மன்னாரில் பிறந்தவன். குண்டு விழுந்த வருஷத்தில் ஆறு வயசுப் பிள்ளையாக அம்மா மடியில் படகேறி வந்தவன். முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அம்மா இங்கே அகதி முகாமிலேயே செத்துப்போனாள். முகாமில் இன்றைக்கும் அவன் பேரில் பத்தடி அறை ஒன்று இருக்கிறது. மாசத்தில் ரெண்டு நாள் அங்கே போய் அதிகாரி முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நாளெல்லாம் அவன் இருப்பது ஏரிக்கரைக் குப்பத்தில், பெண்டாட்டி வினோதினி வீட்டில். மூட்டை தூக்க வந்தவன் அவளைக் கண்டு, கட்டிக்கொண்டு, அங்கேயே ஒட்டிக்கொண்டான்.

ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாளில் எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரன் கட்டுவலை போடலாம் என்று ஊரே கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பேர். குடும்பத்துக்கு ஒரு ஆம்பிளை பேரை எழுதி வைக்கிற தலைக்கட்டு நோட்டில் இருக்கிற வீட்டுக்குத்தான் பாடு உண்டு. வினோதினியின் அப்பா நாகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவர் செத்த பிறகு அந்த இடத்தில் மருமகன் பேரை எழுதலாமா கூடாதா என்று ஊர் ரெண்டு வருஷம் அடித்துக்கொண்டது. சிலோன்காரனுக்கு எப்படி எழுதுவது என்று ஒரு கட்சி. கட்டினவன் கட்டினவன்தானே என்று ஒரு கட்சி. கடைசியில் ஊர்ப் பெரியவர் கங்காதரன்தான் பேனாவை எடுத்து எழுதினார். அகதி என்ற சொல் பக்கத்தில் இல்லாமல் ராபர்ட்டின் பேரை எழுதின ஒரே காகிதம் அந்த நோட்டுதான்.

பாடு வாங்கினவனுக்குக் கடமையும் உண்டு. ஊர் கூப்பிட்டால் தலைக்கட்டுக்கு ஒரு ஆம்பிளை வந்து உட்கார வேண்டும். வரவில்லையென்றால் ஒரு வருஷத்துக்குப் பாடு கிடையாது. ஊர் இப்போது கூப்பிட்டது சாதாரண காரியத்துக்கு இல்லை. ஏரியின் முகத்துவாரத்தில் ஒரு கம்பெனி கல் கொட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்திருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் மீனும் எறாவும் வராது. ரெண்டு வருஷத்தில் ஏரி சாக்கடை ஆகிவிடும். போன வாரம் கல் லாரியை யாரோ மறித்துக் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். நாளைக் காலையில் லாரி வருகிற ரோட்டில் ஊரே உட்காரப் போகிறது.

டீக்கடையிலிருந்து ராபர்ட் நேராக வலைக்கொட்டாய்க்குப் போனான். கங்காதரன் கிழிந்த வலையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுபாஷ். ராபர்ட் தொழிலுக்குப் போகிற படகு சுபாஷுடையது. வினோதினியும் விஷயம் கேட்டு மீன்கூடையோடு வந்து நின்றாள். ராபர்ட் நடந்ததைச் சொன்னான்.

"டீயோட வடையும் வாங்கிக் கொடுத்தானா?" என்றான் சுபாஷ். "எங்களுக்கெல்லாம் லத்திதான். உனக்கு மட்டும் மாமியார் வூட்டு உபசாரம்."

"உனக்கு வெளாட்டாக் கீதுடா" என்றாள் வினோதினி. "கேஸு போட்டா நீ பத்து நாள்ல பெயில்ல வந்துருவே. இந்தாளு மேல ஒரு கேஸு வுழுந்தா முகாம் பதிவை வெட்டுவானுங்க. சிறப்பு முகாம்னு உள்ளத் தள்ளிப் பூட்டுவானுங்க. அங்கப் போனவன் எப்போ வருவான்னு அந்த அதிகாரிக்கே தெரியாது. இல்லாட்டி பிளேன் ஏத்தி அனுப்பிருவானுங்க. அங்க இந்தாளுக்கு யாரு கீறாங்க?"

கங்காதரன் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார். "பாடு வாங்கும்போது நம்மூர்க்காரன். ரோட்ல ஒக்காரும்போது மட்டும் சிலோன்காரனா? அன்னிக்கு எதுத்துப் பேசின வூட்டுக்காரனுங்க நாளைக்கு எங்கிட்ட இதைத்தான் கேப்பானுங்க. நான் இன்னா சொல்றது மாப்ள?"

"அவருக்கு பதிலா நான் வந்து ஒக்காரறேன்" என்றாள் வினோதினி.

"பொம்பளைங்க எப்பிடியும் வருவீங்க. அது தலைக்கட்டுக் கணக்குல வராது."

ராபர்ட் மெதுவாகக் கேட்டான்: "மாமா, எனக்கு அங்க ஒக்கார உரிமை கீதா?"

கங்காதரன் ஆளும் கட்சி, எதிர்க் கட்சி, கலெக்டர், கோர்ட்டு என்று எல்லாவற்றையும் பார்த்த மனுஷன். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏரி நாறிப் போனா உன் சோத்துலயும் மண்ணுதானே வுழும்" என்றார். "அதுக்கு வாயத் தொறக்கலாமா கூடாதான்னு சட்டத்துல இன்னா எழுதிக்கீதோ, எனக்குத் தெரியாது நைனா. ஒண்ணு செய். பின்னாடி ஒக்காரு. துண்டைத் தலைல போட்டுக்கோ. கோஷம் போடாத. கையத் தூக்காத. தலை இருந்தாப் போதும், ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வினோதினிகூடச் சரி என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

காலையில் ரோட்டில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்தார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். வெயில் ஏழு மணிக்கே முதுகில் ஏறியது. ராபர்ட் கடைசி வரிசையில் துண்டை இறக்கிப் போட்டுக் குனிந்திருந்தான். எதிரே ரெண்டு வேன் போலீசு. வேன் மேல் ஒருவன் நின்று வீடியோ எடுத்தான். கேமரா வரிசை வரிசையாக வந்து, கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் நின்று, நகர்ந்து போனது. தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. கல் ஏற்றின லாரிகள் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டே நின்றன.

சுபாஷ் மைக்கைத் தட்டிப் பார்த்தான். கையில் தலைக்கட்டு நோட்டு.

ஊர் கூடினால் முதல் காரியம் பேர் கூப்பிடுவது. யார் வந்தான், யார் வரவில்லை என்று அங்கேயே குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் தகராறு வரும். அப்பன் காலத்திலிருந்து அம்மன் கோயில் வாசலில் அப்படித்தான் நடக்கிறது. கோயில் வாசலில் போலீசு இருக்காது, கேமரா இருக்காது. இது ரோடு என்பதும், மைக்கு நாலு திசைக்கும் கேட்கும் என்பதும் அன்றைக்கு ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ராத்திரியெல்லாம் கொடி கட்டி, தண்ணீர்ப் பானை வைத்து, வக்கீலுக்குப் போன் போட்டவர்கள் இந்த ஒன்றை மறந்துவிட்டார்கள்.

"வடக்குத் தெரு. இளவழகன்!"

"கீறேன்!"

"குப்பன்!"

"கீறேன்!"

மரத்தடியில் வரதன் சார் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். அவருக்கு யாரையும் விசாரிக்கிற வேலையே மிச்சமில்லை. ஊரே தன் பேரைத் தெருத்தெருவாக ஒப்பித்துக்கொண்டிருந்தது.

ராபர்ட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. நாகப்பன் வீடு நடுத்தெருவில் ஒன்பதாவது. வடக்குத் தெரு முடிந்தது. நடுத்தெரு தொடங்கியது. ஒன்று, ரெண்டு, மூன்று. கங்காதரன் முன்வரிசையில் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் கேமரா. துண்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. ஏழு. எட்டு.

"நாகப்பன் மருமவன் ராபர்ட்டு!"

ராபர்ட் இன்னும் குனிந்தான்.

"ராபர்ட்டு!"

கங்காதரன் சடாரென்று திரும்பினார். கையை வீசி வீசி வேண்டாம் என்று காட்டினார். சுபாஷ் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டான். சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மைக்கை வாயோடு வைத்து, "ஏய் சிலோன் ராபர்ட்டு! வந்துகீறியா இல்லையா?" என்று கத்தினான். கத்தி முடிக்கும்போது அவனுக்கே விஷயம் புரிந்து முகம் செத்துப்போனது.

பொம்பளைகள் பக்கத்திலிருந்து வினோதினி எழுந்தாள்.

"வரல" என்றாள். "அவருக்கு ஒடம்பு சரியில்ல. எழுதிக்கோ."

வரவில்லை என்றால் ஒரு வருஷப் பாடு போச்சு. ரெண்டு வருஷம் ஊரோடு மல்லுக்கட்டி வாங்கினதை அவளே தூக்கிப் போட்டாள். ராபர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். சுபாஷ் நோட்டில் எதையோ கிறுக்கிவிட்டு அடுத்த பேருக்குப் போனான்.

பத்து மணிவாக்கில் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வருகிறார் என்று சொல்லிக் கூட்டம் முன்னால் நெருங்கியது. ராபர்ட்டின் வரிசை காலியானது. பக்கத்தில் யாரோ வந்து குந்தினார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று நீண்டது.

"குடிங்க ராபர்ட். வெயில்."

ராபர்ட் வாங்கவில்லை.

"வரலன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. ஊரே கேட்டுது. வீடியோவுலயும் பதிஞ்சிருக்கு" என்றார் வரதன் சார். "நல்லதுதான். வராத ஆள் மேல கேஸ் எப்படிப் போடுறது? அப்படியே வெச்சிக்கலாம். எனக்கொண்ணும் பிரச்சினை இல்ல." ரகசியம் பேசுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் லாரிக் கண்ணாடிய ஒடச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும். இன்னிக்கே சொல்ல வேணாம். யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ நாம டீ சாப்பிடலாம். ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு சும்மா சொன்னாப் போதும். உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு."

ராபர்ட்டுக்குத் தெரியும். முதல் கல்லை விட்டது சுபாஷ். அவன் கூடவே படகில் நின்று வலை இழுக்க வேண்டும். இழுத்துவிட்டுக் கரைக்கு வந்து இந்த ஆளோடு டீ குடிக்க வேண்டும். சாகிற வரைக்கும் குடிக்க வேண்டும். பேசினால்தான் குற்றம் என்று நினைத்திருந்தான். பேசாமல் குனிந்திருந்ததும் ஒரு கயிறாகி அவன் கழுத்தில் விழுந்துவிட்டது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இந்த ஆள் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார்.

துண்டைத் தலையிலிருந்து எடுத்தான். எழுந்தான். "உக்காருங்க ராபர்ட்" என்று பின்னால் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபாஷிடம் போனான்.

"என் பேருக்கு நேரா இன்னா எழுதின?"

"வரலன்னு. மச்சான், என் வாயில புண்ணு வரணும்டா. நீ போயிடு, பின்னாடிப் படகு நிக்குது."

"அதை அடிச்சிட்டு வந்தான்னு எழுது."

மைக்கை அவனே வாங்கினான். முப்பத்தைந்து வருஷமாகப் பஸ்ஸிலும் சந்தையிலும் பிடிபடாமலிருக்க நாக்கைப் பழக்கி வைத்திருந்தான். அந்த நேரத்தில் அம்மா பேசின பேச்சுதான் வந்தது.

"நாகப்பன் வீட்டுத் தலைக்கட்டு. ராபர்ட். நான் இருக்கிறன்." மூச்சு வாங்கினான். "தங்க வந்தவன்தான். ஏரியில கல்லுப் போடாதேங்கோ. வேறொண்டும் இல்ல."

யாரும் கை தட்டவில்லை. யாருடைய போனோ அடித்து நின்றது. வேன் மேலிருந்தவன் கேமராவைத் திருப்பி அவன் முகத்தில் வைத்து, நகர்த்தாமல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தான்.

ஜீப் வர அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. கங்காதரன் குறுக்கே போய் நின்றார். எழுத்துல இன்னா கீது காட்டு என்று வக்கீலை விட்டுக் கேட்க வைத்தார். "கைதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றார் வரதன் சார், அதே தணிந்த குரலில். "ஒரு சின்ன விசாரணை. சாயங்காலம் வந்துருவார்." பின்பக்கக் கதவை அவரே திறந்துவிட்டார். ராபர்ட் ஏறினான். அவனுக்குப் பின்னாலேயே வினோதினி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இழுத்து இறக்குவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"வரட்டும்" என்றார் வரதன் சார். "நல்லா தள்ளி உக்காருங்கம்மா. முதுகுவலி வேற."

அவள் ராபர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் மீன்வாடை அடித்தது. அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான்.

"பைத்தியம்" என்றாள் அவள். "ஒரு வருசப் பாடு போனாப் போவுதுன்னுதானேய்யா சொன்னேன்."

"தெரியும் வினோ."

பாலம் தாண்டியது. பஸ் ஸ்டாண்டு தாண்டியது. டீக்கடைக்காரர் ஜீப்பைப் பார்த்துவிட்டு அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனின் நீலப் பலகை தூரத்தில் தெரிந்ததும் வினோதினி முந்தானையைச் சரிசெய்து இறங்கத் தயாரானாள். வண்டி வேகம் குறையவில்லை. பலகை பக்கத்தில் வந்தது. பின்னால் போனது.

"சார், ஸ்டேஷன் போயிடுச்சே" என்றாள். "சிறப்பு முகாமுக்கா போறோம்?"

முன்சீட்டில் வரதன் சார் தன் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக ஏற்றினார்.