ஒரு சர்வர் மட்டும் போகவில்லை

1
இந்தக் கதை என்னுடையதல்ல. ஜோகூரில், செடெனாக் ஊரின் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோழி லோஷினி சொன்னது. ‘மேகத்தில் ஒரு கணினி தன்னந்தனியாக…’ என்று எழுதத் தொடங்கி, கோடு போட்டு அடித்துவிட்டேன். கணினிக்கு ஏது தனிமை?

2
ஜோகூர் பாருவில், பேருந்து டிக்கெட் விற்கும் இணையத்தளம் ஒன்றில் அவளுக்கு வேலை. வாங்குகிறவர்கள் பெருகினால், இணைய ‘மேகத்தில்’ வாடகைக்கு எடுத்துத் தளத்தை ஓட்டும் சர்வர் கணினிகள் தாமாகவே கூடும்; குறைந்தால் தாமாகவே அழியும். எத்தனைவரை கூடலாம், குறையலாம் என்று அவள் கணினியின் டெர்மினல் திரையில் கட்டளை அடித்து வைப்பாள்.

போன மாதம் ஒரு காலையில், பழைய சர்வர்களை நண்பகலுக்குள் மூடிவிடச் சொன்னார்கள். பூஜ்யம் என்று அடித்தாள். எட்டு போயின. நான்கு வருடமாக ஓடும் ஒன்று மட்டும் போகவில்லை. தானாக அழியாதபடி அதற்கு யாரோ காப்பு போட்டிருந்தார்கள். பதிவில் பெயர் இருந்தது: ரூபேந்திரன்.

3
(இவனை நல்லவனாக எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.) பக்கத்து மேசைக்காரன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிங்கப்பூர் வேலைக்குப் போனவன். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

ஆனால் அந்த முதல் தீபாவளி விற்பனை! வறுத்த நூடுல்ஸான மீ கோரேங் ஒரே பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இருவரும் திரையையே பார்த்திருந்தார்கள். இரண்டு சர்வர் ஐந்தானது, பதினான்கானது. தளம் விழவில்லை. அவன் எழுந்து நின்று ஒவ்வொன்றாக உரக்க எண்ணினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்; அந்த அலுவலகத்தில் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. அதைச் சொல்லும்போது அவள் தேநீர் ஆறிப்போனது.

4
அவனை அழைத்தாள். காப்பு போட்டது ஏன் என்று கேட்டாள்.

“நாம ரெண்டு பேரும் மொதல்ல ஏத்துனது லா அது. அழிய விட மனசு வரல.”

“போறத மட்டும் ஏன் சொல்லாம போன?”

“சொன்னா நீ இருன்னு சொல்லிருப்ப. நானும் இருந்திருப்பேன்.”

நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவனிடம் சொல்லிவிட்டு அவள் காப்பை எடுத்துவிட்டாள். சர்வர் அணையத் தொடங்கியது.

“போயிருச்சா?”

“போய்க்கிட்டு இருக்கு.”

5
இருவரும் போனை வைக்கவில்லை. அதன் பிறகு பதினொரு நிமிடம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று லோஷினி எனக்குச் சொல்லவில்லை. நானாக மூன்று உரையாடல்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் திரும்பி வருவதாக… இல்லை, வேண்டாம். மூன்றையும் கிழித்தேன். உங்களுக்கும் அப்படிச் சொல்லாமல் போன ஒருவர் இருந்தால், நீங்கள் பேசியிருக்கக்கூடியதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.