கோடையில் திறக்க வேண்டிய சாடிகள்

சொசன் என்ற கடலோர ஊரின் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பதுதான் வழக்கம். ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழாது, விழ வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மட்டும் அது கெட்டுப்போயிற்று. தலைநகரில் ஜனாதிபதி விலக வேண்டும் என்று ஒரு கூட்டம் மெழுகுவர்த்தியோடும், விலகக் கூடாது என்று இன்னொரு கூட்டம் கொடியோடும் தெருவில் நின்றது. இங்கே இடது பக்க பெஞ்சுக்காரர்கள் நாட்டைக் காப்பாற்றும் என்று கத்தினால், வலது பக்கத்தார் யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக் கத்தினார்கள். கர்த்தர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார் என்று கும்ஜாவுக்குத் தோன்றியது. கத்தியவர்களில் அவளும் ஒருத்திதான்.

வலது பெஞ்சில் ஜொம்ரே அக்கா இருந்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் கும்ஜாவின் புருஷனைக் கடல் கொண்டுபோனபோது, தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவள். கும்ஜாவின் மகன் தொக்யுவுக்கு ஊட்டிவிட்டவள். கும்ஜாவைச் சபைக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சபையின் போன் குழுவில் யாரோ எழுதிய ஒன்றை அனுப்பினாள். மெழுகுவர்த்தி பிடிப்பவர்கள் பிசாசின் பிள்ளைகளாம். தொக்யு அந்த வாரமும் மெழுகுவர்த்தியோடு தலைநகரில் நின்றுகொண்டிருந்தான்.

கும்ஜா சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் கும்ஜா இல்லையே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், அத்தனை பேர் முன்னால், "பொழுது போகாத கிழவனுங்களுக்குக் கொடியும் ஒரு கைத்தடி" என்று போட்டு உடைத்தாள். ஜொம்ரேவின் புருஷன் சாங்பே பட்டாளத்தில் கால் ஊனமானவர், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. கொடி பிடிக்கப் போகிறவர்களில் அவரும் ஒருவர். சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் மேசையில் சாய்த்திருந்த அவர் கைத்தடி கும்ஜாவின் கண்ணில் பட்டது. சாங்பே சூப்புக் கிண்ணத்தை மெதுவாக வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் பேசவில்லை. ஜொம்ரேவும் இன்னும் சில குடும்பங்களும் துறைமுகத்துப் பக்கம் உள்ள வேறு சபைக்குப் போகப் போவதாகவும், கோஸில் உப்பும் மிளகாய் மசாலாவும் வைத்து ஊறப்போடும் குளிர்காலக் கிம்ச்சி வேலை முடிகிற வரைதான் இங்கே என்றும் செய்தி வந்தது. இளம் போதகர் இரண்டு பக்கமும் நடையாய் நடந்து, இரண்டு பக்கமும் தேநீர் குடித்து, வயிறு கெட்டதுதான் மிச்சம்.

தனியாக வாழும் முதியவர்களுக்கு ஆண்டுதோறும் சபையில்தான் கிம்ச்சி போடுவார்கள். கோஸுக்கு உப்பு போடுவது ஜொம்ரே, உள்ளே வைக்கும் மசாலா கும்ஜா. முந்தின நாள் ஜொம்ரே போன் பண்ணி, "உப்பு போட்டாச்சு, நீ தூங்கு" என்பாள். அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சாயங்காலம் கும்ஜாவே சபை முற்றத்துக்குப் போய்ப் பார்த்தாள். தொட்டிகளில் கோஸ் தண்ணீரில் கிடந்தது, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. சாமான் இறக்கிய ஆண்கள் நனைத்து மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அக்கா வரவே இல்லை, போகிறவளுக்கு இனி இந்தக் கோஸ் எக்கேடு கெட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். ஒரு போன் பண்ணியிருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். கோபத்தில் இரண்டும் செய்யாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இலை இலையாகப் பிரித்து உப்பைத் தூவினாள்.

சனிக்கிழமை காலையில் ஜொம்ரே வந்து ஒரு இலையைக் கடித்தாள். முகம் கோணியது.

"யாரு இதுல கை வச்சது? நான் மத்தியானமே போட்டுட்டுப் போனேனே."

முற்றத்தில் பெண்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமாகத்தான் நின்றிருந்தார்கள். இப்போது பக்கத்துக்குப் பக்கம் முறைத்தார்கள். வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு கிளம்பிற்று. செருப்புத் தேய அலைந்து வாங்கிய கோஸ் முழுதும் உப்பில் வெந்து கிடந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் பழி யார் மேலாவது விழும், அக்கா இன்றைக்கே போய்விடுவாள். திறந்தாலும் போய்விடுவாள்.

"நான்தான்," என்றாள் கும்ஜா. "நீ வரலைன்னு நினைச்சு நானும் போட்டேன்."

"வராம எங்க போவேன்?"

"எனக்கென்ன தெரியும். போகப் போறேன்னுதான் ஊரே சொல்லுது."

போதகர் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "சகோதரிகளே, நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள் என்று நம் ஆண்டவர்..."

"போதகர் ஐயா, இன்னைக்கு உப்பைப் பத்தி ஒரு வசனமும் வேண்டாம்," என்றாள் ஜொம்ரே. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் கேட்டது. "போய் முள்ளங்கி வாங்கிட்டு வாங்க, வண்டி நிறைய. உப்பை இழுக்க அதை விட்டா வேற வழியில்ல. ஏய் கும்ஜா, பார்த்துக்கிட்டு நிக்காதே, வந்து அலசு."

சாங்பேயும் மெழுகுவர்த்திக்கார ஆண்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் முள்ளங்கிக்குப் போனார்கள். வண்டியில் செய்தி வந்ததும் யாரோ ரேடியோவை நிறுத்திவிட்டார்களாம். அது போதும் அன்றைக்கு.

பெண்கள் அலசினார்கள். நீரை மாற்றி மாற்றி, விரல் மரத்துப் போகும் வரை அலசினார்கள். கும்ஜாவும் ஜொம்ரேவும் ஒரே தொட்டியின் இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள்.

"அக்கா, அத்தானைப் பத்தி அன்னைக்கு நான் சொன்னது..." கும்ஜா தண்ணீரைப் பார்த்தே பேசினாள். "என் வாயில புண்ணு வரணும்."

"அன்னைக்கு ராத்திரி அவரு கைத்தடியைத் தொடவே இல்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டே கக்கூசுக்குப் போனாரு."

கும்ஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஜொம்ரே ஈரக் கையோடு அவள் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"நான் அனுப்பினதும் அப்படித்தான். படிச்சுக்கூடப் பார்க்கல, வந்ததைத் தள்ளிவிட்டேன். நம்ம தொக்யு அதுல இருக்கான்னு எனக்கு உறைக்கல. அங்க பனி கொட்டுதாமே. உள்ளுக்குக் கம்பளி போடுறானா?"

"சொன்னா எங்க கேக்குறான்."

"நான் சொல்றேன், எனக்குக் கேப்பான். ஆனா ஒண்ணு. அவன் பண்றது தப்புதான்."

"அத்தான் பண்றதுதான் தப்பு."

"சரி, அலசு."

முதல் இரண்டு தொட்டி கோஸ் தப்பித்தது. அதில் உப்பில்லாத மசாலா வைத்து முதியவர்களுக்கு அனுப்பும் டப்பாக்களில் நிரப்பினார்கள். மீதியை முள்ளங்கித் துண்டுகளுக்கு நடுவே அடுக்கிச் சாடிகளில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் யார் எந்தப் பக்க பெஞ்சு என்று பார்த்தால் தெரியாதபடி எல்லோர் கையும் முழங்கை வரை மிளகாய்ச் சிவப்பாக இருந்தது.

கடைசிச் சாடியை மூடும் முன் ஜொம்ரே ஒரு உள்ளிலையைக் கிள்ளி, மசாலா வைத்துச் சுருட்டி, கும்ஜாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். இருபது வருஷமும் அவள் கையால்தான் முதல் வாய். கும்ஜா வாயைத் திறந்தாள்.

"உண்மையைச் சொல்லு."

"உப்புதான் அக்கா."

"இருக்கும். இதை இப்போ யாருக்கும் கொடுக்க முடியாது. மண்ணுல புதைச்சு வச்சா கோடையில சரியா வரும். அதுக்கு ஒரு நாள் முன்னாடிகூடத் தெறக்கக் கூடாது."

ஜொம்ரே கையைக் கழுவப் போனாள். சாங்பே வாசலில் வண்டியில் காத்திருந்தார். காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கும்ஜா வாயில் இலையோடு கேட்டாள்.

"கோடையில யாரு அக்கா தெறப்பாங்க?"

ஜொம்ரே நெடுநேரம் கை கழுவினாள். பிறகு பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"உன்னை நம்பி விட்டா கிறிஸ்துமஸுக்கே தெறந்து ஊர்க் கிழவிங்க வாயையெல்லாம் புண்ணாக்கிடுவ. நான்தான் தெறக்கணும்."

"அந்தச் சபையிலேர்ந்து வந்தா?"

"எந்தச் சபையிலேர்ந்து? வாயில இருக்கிறதை முழுங்கிட்டுப் பேசு."

சாங்பே வண்டியிலிருந்து இறங்கிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சாடி புதைக்கக் குழி எங்கே வெட்ட வேண்டும் என்று கும்ஜாவிடம்தான் கேட்டார்.