எல்லோரும் கேட்கும் கம்பி

கால்கள்தான் முதலில் வந்தன.

ஆர்ஃபா நிமிர்ந்தாள். அண்ணி லெட்டி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னடி பேசாம நிக்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. டாக்டரைக் கூப்பிடுறேன்."

மருத்துவச்சியை அழைத்துவர அண்ணன் வைலி காலையிலேயே வண்டி கட்டிப் போயிருந்தான். குழந்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஒற்றை அறை வீடு. கட்டில் தலைமாட்டுச் சுவரிலேயே டெலிபோன் பெட்டி இருந்தது. டெக்சஸ் சமவெளியின் அந்த மூலைக்கு எந்த டெலிபோன் கம்பெனியும் வராததால், பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் வேலியின் முள்கம்பியிலேயே பெட்டிகளை இணைத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் கியூபாவில் சண்டை நடந்தபோது, ஊர் மருந்துக்கடைக்காரர் மாலைதோறும் செய்தித்தாளை அதில் படித்துக்காட்டினார். எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே கம்பிதான். யாருக்கு மணி அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆர்ஃபாவும் அப்படித்தான். நிறையக் கேட்டிருக்கிறாள், ஒரு வார்த்தை பேசியதில்லை.

கைப்பிடியைச் சுழற்றினாள்.

"ப்ரூவிட் பேசுறேன்." டாக்டரின் குரல் தெளிவாகத்தான் கேட்டது.

"டாக்டர், லெட்டி அண்ணிக்கு வலி வந்துடுச்சு. கால் முதல்ல வந்திருக்கு. நான் என்ன பண்ணணும்?"

கம்பியில் க்ளிக், க்ளிக் என்று சத்தம். இன்னும் ஒரு க்ளிக். ஒவ்வொரு வீட்டிலும் ரிசீவரை எடுக்க எடுக்க மின்சாரம் பங்குபோய்க்கொண்டே வரும். டாக்டரின் குரல் குப்பிக்குள் மாட்டிய தேனீயாகத் தேய்ந்தது.

"கேக்கல டாக்டர்! பிடிச்சு இழுக்கட்டுமா?"

தேனீ ஏதோ ரீங்கரித்தது.

"தயவுசெஞ்சு எல்லாரும் போனை வைங்க."

யாரும் வைக்கவில்லை. வைத்தால் சத்தம் கேட்கும். அதுவரை ஒட்டுக்கேட்டது தெரிந்துபோகும்.

லெட்டி அலறினாள். ஆர்ஃபா கண்ணை மூடிக் கம்பியைக் கூர்ந்து கேட்டாள். அவளுக்குத் தெரியாத வீடா?

"பிக்கெட் அம்மா, உங்க வீட்டுக் கடிகாரம் கேக்குது. வைங்க."

கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, போன வாரம் ஆப்பிள் கேக் கருகிப்போச்சுன்னு டன்லப் அக்காகிட்ட சொன்னீங்கள்ல? நானும்தான் கேட்டேன். நானும் உங்கள மாதிரிதான். வைங்கம்மா."

க்ளிக்.

"ஹாஸ்க்யூ தாத்தா, உங்க இளைப்பு எனக்குத் தெரியும். இங்க ஒருத்திக்கு மூச்சே போகுது."

"இப்பத்தான் எடுத்தேன், புள்ள," என்றது ஒரு கிழக்குரல். க்ளிக்.

"டன்லப் அக்கா, தையல் மெஷினை நிறுத்தினா மட்டும் பத்தாது!"

க்ளிக்.

"அந்தக் குருவி யார் வீட்டுக் கூண்டுல கத்துது? அதையும் சேத்து வைங்க!"

க்ளிக். கம்பி அமைதியானது. பிறகு டாக்டரின் குரல், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது.

"இழுக்காதம்மா. என்ன ஆனாலும் இழுக்கக் கூடாது. அவளைக் கட்டில் ஓரத்துக்கு நகத்து. முக்குறது அவ வேலை. உடம்பு வெளிய வந்ததும் சூடான துணியச் சுத்தித் தாங்கிக்க. பிடரி தெரிஞ்சப்புறம் காலை மெதுவா மேல தூக்கு. போனைத் தொங்க விடு, நான் இருக்கேன்."

ரிசீவரைத் தொங்கவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இழுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. துணியோடு தாங்கியபடி அப்படியே நின்றாள். லெட்டி முக்கினாள். இடுப்பு, முதுகு, தோள். பிடரி தெரிந்தது. தூக்கினாள்.

குழந்தை நீலமாக இருந்தது. முதுகைத் துண்டால் தேய்த்தாள். இன்னும் தேய்த்தாள்.

அழுகை வந்தது.

"அது குழந்தையா, பூனைக்குட்டியா?" தொங்கிய ரிசீவருக்குள் டாக்டர் சிரித்தார். லெட்டி அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

வைலிக்கு முன்னால் பிக்கெட் அம்மாவின் வண்டி வந்துவிட்டது. ஒரு கையில் கோழிச் சூப்புச் சட்டி, தலையில் கோணிப்போன தொப்பி.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார்.

ஆர்ஃபாவுக்கு முகம் எரிந்தது. "அம்மா, நான் அப்படி எல்லாருக்கும் கேக்கிற மாதிரி உங்க பேரைச் சொல்லி..."

"அதை விடு. நீ வைக்கச் சொன்ன, வச்சுட்டேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம ஆறு மைல் குதிரையை அடிச்சு ஓட்டிட்டு வந்திருக்கேன். சொல்லுடி, பையனா பொண்ணா?"

"பொண்ணு. அண்ணியும் நல்லா இருக்காங்க."

பிக்கெட் அம்மா உட்காரக்கூட இல்லை. சட்டியை ஆர்ஃபாவின் கையில் திணித்துவிட்டு நேராகச் சுவருக்குப் போனார். எல்லா வீட்டையும் அழைக்கும் ஒரே நீண்ட மணியை அடித்தார். க்ளிக், க்ளிக், க்ளிக்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கத்தினார்.

கம்பியில் ஒரு தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு இளைப்போடு ஒரு குரல், "நான் இருக்கேன்," என்றது.

"நாங்களும்," என்றாள் டன்லப் அக்கா.