ஒத்திகைக் கூட்டம்

கூட்டம் நடத்துபவர்களுக்காக அவள் வகுத்திருந்த பயிற்சியில் ஒரே ஒரு கோளாறுதான். ஒத்திகைகள் எல்லாமே நல்லபடியாக முடிந்தன.

சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்துச் செத்தவர்களின் குடும்பங்களை நலச்சங்கம் நாளைதான் முதன்முதலாக ஒன்றாக உட்காரவைக்கப் போகிறது. அதை யார் நடத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவளுடையது. ஒத்திகையிலோ, இறந்தவரின் மனைவியாக நடிப்பவர் சீட்டில் எழுதியிருந்தபடி கொஞ்சம் அழுவார், நடத்துபவர் ஆறுதல் சொல்வார், எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

அவளுடைய கொழுந்தன் நடத்தினால் அழுவதற்குக்கூட இடைவெளி கிடைக்காது. அவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அரைக்கால் சட்டையில் திரிந்தவன். அதே பட்டறையில் வேலை பார்த்தான். பட்டறையை மூடியதிலிருந்து வீட்டோடு இருக்கிறான். சங்கத்தில் இந்த வேலை அவனுக்குக் கிடைத்தால் தேவலை என்று அவள் கணவர் இரண்டு முறை ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

"கேட்டதுக்கு ஒருத்தர் பதிலே சொல்லலன்னா என்ன பண்ணுவ?" என்று அவனிடம் கேட்டாள்.

"பேச வெச்சிடுவேன் அண்ணி. என்கிட்ட கல்லுகூடப் பேசும்."

"அது பேச நீ எங்கப்பா இடம் விடுற?" என்றார் அவனோடு பயிற்சிக்கு வந்திருந்த வேன் ஓட்டுநர். அறை முழுக்கச் சிரிப்பு. ரேடியோவும் சிரித்தான்.

மதியம் அவள் பயிற்சியை மாற்றினாள். வசனச் சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சரளமாகப் பேசி நடத்துபவர்கள் இனி இறந்தவரின் குடும்பத்தாராக எதிரே உட்கார வேண்டும். நடத்துபவர் ஒரு கேள்வி கேட்கலாம்; பதில் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் நடத்த வந்தாள். எதற்கும் முந்திக்கொள்ளாதவள். இறந்தவரின் தம்பியாக எதிரே உட்கார்ந்திருந்த ரேடியோவைப் பார்த்து, "அன்னிக்குக் காலைல என்ன நடந்துச்சு?" என்றாள்.

"அன்னிக்கு..." என்று கணீரென ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. பிறகு அண்ணியைப் பார்த்தான். சின்ன வயதில் கணக்கு வராதபோது பார்த்த அதே பார்வை. ஏதாவது சொல்லிக் காப்பாற்றிவிட அவளுக்கும் நாக்கு துறுதுறுத்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீக்கடையில ஒரு கதை சொல்லிட்டிருந்தேன்," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "பாதியில விட மனசில்ல. பாய்லர் பாத்துக்குற அண்ணன்தான் சொன்னாரு, நீ முடிச்சிட்டு வாடா, உன் வேலையையும் சேத்து நான் பாத்துக்குறேன்னு. நானும் முடிச்சிட்டுத்தான் கெளம்புனேன்."

அவன் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. ஓட்டுநர், "டேய், அதுக்கு நீ என்ன..." என்று எழுந்தார். அவள் கையமர்த்தினாள். நூலகப் பெண் அசையவில்லை.

"அவர் வீட்டம்மாவுக்கு இது தெரியாது," என்றான்.

எல்லோரும் போனபின் படிக்கட்டில் அவனை நிறுத்தினாள்.

"நாளைக்கு லைப்ரரிப் பொண்ணு நடத்தட்டும் தம்பி."

"அப்ப எனக்கு வேலை இல்லையா அண்ணி?"

"இப்போதைக்கு இல்ல."

"அண்ணன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அதை நான் பாத்துக்குறேன். நீ நடத்த வேணாம். ஆனா வா."

"வந்து?"

சொல்லிக் கொடுக்க அவளிடம் எவ்வளவோ இருந்தது. பதில் அவனிடமிருந்தே வரட்டும் என்று படியில் உட்கார்ந்தாள். அவன் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இரண்டு படி இறங்கித் திரும்பினான்.

"பாய்லர் அண்ணன் வீட்டம்மாவுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க," என்றான். "எதிர்ல வேணாம் அண்ணி. முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது."