ஒடுக்குகள் போகும் இடம்

வண்டித் தகடுகளை நிமிர்த்தும் டிங்கர் தன் கையாலேயே செய்த இழுப்புச் சுத்தியலால் பழைய வேனிலிருந்து எடுத்த முதல் ஒடுக்கு, அன்று மாலையே அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் விழுந்திருந்தது. அகலம், ஆழம், ஓரத்துக் கீறல் எதுவும் மாறவில்லை. கருவியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பரின் கம்பி. ஒரு நுனியில் கொக்கி, மறு நுனியில் தடுப்பு, நடுவில் வழுக்கி ஓடும் இரண்டு கிலோ இரும்புக் குண்டு. உள்ளே கை நுழையாத தகட்டில் ஆணியைப் பற்றவைத்து, அதில் கொக்கியை மாட்டி, குண்டை விசையாகப் பின்னால் இழுத்தால் அது தடுப்பில் மோதும். அந்த அதிர்ச்சியில் தகடு வெளியே வரும். அவ்வளவுதான்.

இரண்டாவது ஒடுக்கு தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. மூன்றாவது அவர் மனைவியின் முழங்கையருகே, கட்டைவிரல் அளவுக்கு. வலிக்கவில்லை, பள்ளம் நிரம்பவும் இல்லை.

"இழுக்கும்போது எதை நினைச்சீங்க?" என்றாள்.

"நீ கையைச் சுட்டுக்கிட்டியே, அதை. அதுக்கு முன்னாடி குடம் ஒழுகுதேன்னு. ஃபிரிட்ஜ் சத்தம் போடுதேன்னு."

கவலை போன இடத்துக்கு ஒடுக்கும் போயிருக்கிறது. ஆனால் அதற்குள் ஓட்டுநர் கதவின் பெரிய ஒடுக்கை ஓரத்திலிருந்து பாதி எடுத்துவிட்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டளவு பள்ளம். ஓரம் தளர்ந்த தகடு அப்படியே நிற்காது. வெயில் ஏறினால் விரிந்து, எண்ணெய் டின்னின் அடியைப் போலத் தானே 'டப்'பென்று வெளியே குதிக்கும். நான்கு வயது மகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது தப்பு என்று பிறகுதான் உறைத்தது. அவள் கண்ணில் படாததால் அவர் அவளைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. அந்தச் சின்ன நெஞ்சில் தட்டளவு பள்ளம் விழுந்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஈரச்சாக்கைத் தகட்டின் மேல் போட்டார். சாக்கு காய்ந்தது. மணி பதினொன்றரை. தகடு மெல்ல முனகியது.

"நினைக்காம இருங்களேன்!"

"முடியலடி. முயற்சி பண்ணப் பண்ண அவ முகம்தான் வருது."

"தள்ளுங்க. நான் அந்தச் செவுத்தை நினைச்சு இழுக்கிறேன்."

குண்டைப் பிடித்தாள். செவுரு, செவுரு என்று வாய்விட்டுச் சொன்னபடியே மூன்று முறை இழுத்தாள். மூன்றாவதில் கதவு கண்ணாடி போல நிமிர்ந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அக்காவுக்கு போன் போட்டாள். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னதற்குக் குழந்தை சிரித்தாளாம். நெஞ்சு வழுவழுவென்று இருந்ததாம்.

திரும்பிப் பார்த்தபோது டிங்கர் தன் பனியனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செவுருன்னியே?"

"செவுத்தைத்தாங்க நினைச்சேன்," என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் புதுச் சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர், மார்பு முப்பத்தெட்டு, பள்ளம் இரண்டரை என்று எழுதிக்கொண்டு, பையை இடப்பக்கம் வைக்கவா, வலப்பக்கமா என்று கேட்டார்.