குழாயடி விடுமுறை

லேபிள் அச்சகத்தின் முதலாளிக்கு விடுமுறை என்பது பல் பிடுங்குவது மாதிரி. அவசியம்தான், ஆனால் அது ஏன் இன்றைக்கு? ஆறு வருடமாக இப்படியே தள்ளிப்போட்டு வந்தவரை மனைவியும் மச்சினனும் சேர்ந்து மடக்கிப் பிடித்தார்கள். மச்சினன்தான் அங்கே போர்மேன். அவனைப் பெரிய அச்சகம் ஒன்று வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"நாலு நாள் என்னை நம்பி விட்டுட்டுப் போங்க மாமா. ஒரு போன் வரக்கூடாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் அங்கயே போயிடறேன்" என்றான்.

அவன் போனால் அச்சகத்துக்கு வலது கை போன மாதிரி. முதலாளி சத்தியம் செய்தார். போனை மனைவியிடம் ஒப்படைத்தார். ஷேவிங் பைக்குள் பழைய போன் ஒன்று தூங்குவதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். மறதிக்குத்தானே டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார்.

மலை விடுதியில் முதல் நாள் முழுக்கக் காலில் வெந்நீர் கொட்டியவர் போல் அலைந்தார். சுவரில் கோணலாகத் தொங்கிய படத்தை நேராக்கினார். ஷாம்பு பாட்டிலின் லேபிளில் நீலம் மயிரிழை விலகி அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்து மனைவிக்குக் காட்டினார். அவள் ஏரியைக் காட்டினாள். அதில் அச்சுப்பிழை ஏதும் இல்லாததால் அவருக்குச் சலித்துப்போயிற்று.

மறுநாள் காலை குளியலறைக்குள் புகுந்து, பேச்சு வெளியே கேட்காமலிருக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு மச்சினனை அழைத்தார். ஒரே ஒரு சந்தேகம்தான், பழரச லேபிளின் ஓரத்துச் சிவப்புப் பட்டை. "சிவப்பு வேணாம்" என்று கிசுகிசுத்தார். மறுமுனையிலிருந்து வந்த பதில், "சரி."

மதியம் மனசு கேட்கவில்லை. மறுபடி குளியலறை, மறுபடி குழாய்.

"நீங்க சொன்ன மாதிரியே சிவப்புப் பட்டையோட அடிச்சு முடிச்சாச்சு" என்றான் மச்சினன்.

"வேணாம்னுதானே சொன்னேன்?"

"எனக்கு வேணும்னுதான் கேட்டுச்சு. அங்க மழை வேற கொட்டுதே."

"மழையா? இங்க நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பார்த்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மச்சினன் குரலை உயர்த்தவில்லை. பட்டையை முந்தின நாளே எடுத்துவிட்டதாகவும், மாமா சொல்கிறாரே என்று மறுபடி சேர்த்ததாகவும் சொன்னான். முதலாளி உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார்.

"வாங்க. சாவி மேஜை மேல இருக்கும், நான் இருக்க மாட்டேன். வராம இருந்தீங்கன்னா, சாயங்காலத்துக்குள்ள சரியா அடிச்சு அனுப்பிடறேன்."

கதவு தட்டப்பட்டது. "இன்னிக்கு இது ரெண்டாவது குளியல். உள்ள யாரைக் கரைச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

குழாயை மூடினார். இப்போது அச்சு இயந்திரத்தின் தடதடப்பு போனில் தெளிவாகக் கேட்டது. அவர் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் சுருக்கென்றது. மனசு பஸ் நிலையம் வரை ஓடிப்போய், டிக்கெட் எடுக்காமல் திரும்பி வந்தது.

"நீயே பாத்துக்க மாப்ள" என்றார்.

நனையாத தலையோடு வெளியே வந்து, பழைய போனை நீட்டினார். மனைவி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிச்ச நாளைக்கு இது வேணுமா, வேணாமா? அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"வேணாம்" என்றார், ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.