கூடைக் கழிவு

அந்தப் பழைய துறைமுக ஊரில் நிறுக்க முடியாதது எதுவுமே இல்லை என்பார்கள். லாரியை ஓட்டுநரின் தொப்பையோடு சேர்த்து நிறுக்கும் எடைமேடை உண்டு. நங்கூரத்தையே தொங்கவிடும் கொக்கித் தராசு உண்டு. முந்நூறு வருஷத்துச் சுங்கக் கட்டடத்துக்கு எதிரே நின்று பெருமூச்சு விட்டால் அதையும் நிறுத்துச் சீட்டைக் கையில் திணித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு கிலோ எண்ணூறு கிராம் குழந்தையை நிறுக்கத் தராசு கிடைக்காமல் கிரேன் ஓட்டுபவன் நாய் படாத பாடு பட்டான்.

குறைமாதத்தில் பிறந்த மகள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தினமும் எடை பாருங்கள், மூன்று நாள் ஏறாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

"இருபது கிலோவுக்குக் கீழ எங்க மேடைக்குக் கண்ணு தெரியாது மாப்ள," என்றார் எடைமேடைக்காரர். "பாப்பா லாரி ஓட்டற வயசுல கூட்டிட்டு வா."

மீன் ஏலக்கூடத்துத் தராசின் முள் நூறு கிராமுக்கு ஒருமுறை சோம்பல் முறித்தால் அதிகம். கடைசியில் கைகொடுத்தவர் தராசு பழுது பார்க்கும் 'அரைக்கிலோ'. ஆள் அவ்வளவு ஒல்லி. காற்றடிக்கும் நாளில் சட்டைப்பையில் எடைக்கல்லைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவார் என்று ஊரே சத்தியம் செய்யும். சரக்கின் மாதிரியை மட்டும் நிறுத்துப் பார்க்கும் சின்னத் தராசு ஒன்றை அவர் கொடுத்தார். ஐந்து கிராம்கூடத் தப்பாது. தட்டு சிறியது என்பதால் புதிய பிரம்புக்கூடை ஒன்றை வைத்து நிறுத்து, அதன் வெறும் எடை தொள்ளாயிரம் என்று பக்கவாட்டில் பெயின்ட்டால் எழுதினார். துறைமுகத்தில் எல்லாக் கூடைக்கும் அப்படித்தான். கூடைக் கழிவு என்பார்கள். மொத்தத்தில் அதைக் கழித்தால் சரக்கு. எழுதியதை அங்கே ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

குழந்தை ஏறினாள். ஒரு நாள் பதினைந்து கிராம், மறுநாள் இருபத்தைந்து. மகள் படுக்கும் கூடையாயிற்றே என்று தினமும் நிறுத்து முடித்ததும் அவனே தேய்த்துக் கழுவி, பின்வாசல் ஆணியில் மாட்டினான். வாரம் முழுக்க மழைக்காற்று. ஏழு நாளில் நூற்றி நாற்பது கிராம். இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதமே எடைமேடைக்குத்தான் போகவேண்டும் என்று கிரேன் உச்சியிலிருந்து அவன் கத்தியது நடுக்கடல் கப்பல்வரை கேட்டதாம். மனைவி தன் அம்மாவுக்கு நாளுக்கு நாலு முறை போன் செய்தாள்.

எட்டாம் நாள் காலை தராசைச் சரிபார்க்க அரைக்கிலோ வந்தார். எடைக்கற்களை வைத்துப் பார்த்தார். ஒரு குறையுமில்லை. கைப்பழக்கத்தில் வெறும் கூடையைத் தூக்கித் தட்டில் வைத்தார்.

ஆயிரத்து அறுபது.

"கூடை தண்ணி குடிச்சிருக்கு தம்பி," என்றார் மெதுவாக.

அவன் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். இன்னொரு முறை கழித்தான். வீட்டுக்கு வந்த அன்றைய எடையைவிட இருபது கிராம் குறைவு.

மனைவி குழந்தையோடு அறையிலிருந்து வந்தாள். "ஏங்க, இன்னைக்கு எவ்வளவு?"

"பையை எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஏன், நல்லாத்தானே ஏறிட்டிருக்கா?"

"ஏறினது கூடைம்மா."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தினாள். நிமிர்ந்து, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

"தினமும் எடை போட்டோம் சிஸ்டர்," என்றான் அவன்.

மூன்றாம் நாள் மதியம் டாக்டர் வெளியே வந்து, காப்பாற்ற முடியவில்லை என்று அவன் தோளைத் தொட்டார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த மனைவி அழவில்லை. "அந்த ஏழு நாளும் நாம எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்ங்க," என்றாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.